தள்ளிப்போன ஏழு நாள்

கிளை நூலகத்தின் துணை நூலகருக்கு அந்தத் திங்கட்கிழமை, அக்டோபர் ஏழாம் தேதி, காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கும்போதே குமட்டியது. பழைய காகித வாடை அவருக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். அன்று அதுவே ஆகவில்லை. மார்பு கனத்து வலித்தது. இடுப்பு கடுத்தது. ஒரு சாக்ஸைக் காணோம் என்று மகன் கேட்டதற்குக் குடியே மூழ்கிவிட்டதுபோல் கத்திவிட்டு வந்திருந்தார்.

குமட்டலைத் தவிர மற்றதெல்லாம் மாதவிலக்குக்கு நாலைந்து நாள் முன்னால் மாதம் தவறாமல் வந்து போகிற விருந்தாளிகள்தான். ஆனால் இந்த முறை விலக்கு வரவேண்டிய நாள் செப்டம்பர் முப்பது. அது கடந்து ஏழு நாள் ஆகியிருந்தது.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. பதினைந்து வருடத்துக்கு முன் மகன் பிறந்தபோது ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் அவரிடமும் கணவரிடமும் தனித்தனியாகச் சொல்லித்தான் அனுப்பினார். அன்றிலிருந்து தேதி விஷயத்தில் அவர் படு கறார்.

அவர் தேதி குறித்த முறை நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுகிற தேதிச் சீட்டில் ஒன்றை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். விலக்கான அன்று கவுன்ட்டரில் இருக்கும் முத்திரையால் அதில் ஒரு குத்து. யார் கண்ணில் பட்டாலும் ஏதோ புத்தகத்துச் சீட்டு என்றுதான் நினைப்பார்கள். முத்திரையில் இருப்பது அன்றைய தேதி அல்ல, புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதி, அதாவது மூன்று வாரம் தள்ளி. அதற்கு மேல் ஒரு வாரம் கூட்டினால் இருபத்தெட்டு நாள், அடுத்த விலக்கு. இப்படிக் குறிக்கத் தொடங்கிய எட்டு வருடத்தில் ஒரு நாளுக்கு மேல் பிசகியதில்லை.

கடைசி முத்திரை செப்டம்பர் 23. ஏழு கூட்டினால் முப்பது. அதில் சந்தேகமே இல்லை.

பின்னறையில் கிழிந்த புத்தகங்களைத் தைக்கும் பைண்டர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது, மூன்று பிள்ளைகள், நாக்குக்குப் பூட்டு கிடையாது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நாள் தள்ளிப் போயிருக்குக்கா. ஏழு நாள்."

அக்கா ஊசியை அட்டையில் குத்தி வைத்தாள். "முழுகாம இருக்கியா?"

"அதுதானே தெரியல. மார்பு வலி, இடுப்பு வலி, எரிச்சல், தூக்கம். மாசாமாசம் வர்றதும் இதேதான், அதுக்கும் இதேதான்னு நெட்ல போட்டிருக்கான். எப்படிக்கா பிரிச்சுப் பாக்கறது?"

"உடம்பைக் கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். நெஞ்செரிச்சல்னு ஒரு மாசம் மாத்திரை முழுங்கினேன், அதுதான் என் மூணாவது பையன். நாலாவதும் வந்துடுச்சுன்னு நாத்தனார்கிட்டச் சொன்னேன், மறுநாள் காலையில விலக்காகி, குளிச்சுட்டு நிக்கிறேன். குமட்டல் இருந்தா கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். நாள் தள்ளிப்போனா இன்னும் சாயும். முடிவா சொல்றது டெஸ்ட்தான்."

"வாங்கிட்டேன். பையில இருக்கு. சனிக்கிழமையிலேருந்து."

"பையில வச்சு என்ன, அடைகாக்கிறியா?"

"பயமா இருக்குக்கா. அந்த ரெண்டு நாள் மாதிரி மறுபடியும் படுத்தேன்னா, எழுந்திருப்பேனான்னு..."

அக்காவின் குரல் இறங்கியது. "வீட்டுக்காரர்கிட்டச் சொன்னியா? இல்லையா? சரி, சாப்பிடறியா?"

"மூணு நாளா ஒண்ணும் இறங்கல."

"அப்புறம் குமட்டாம மணக்குமா?"

கவுன்ட்டர் மணி அடித்தது. அப்போது பத்து இருபது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒரு தடித்த புத்தகத்தோடு நின்றிருந்தார். துணை நூலகர் சீட்டைப் பார்த்தார். செப்டம்பர் 30.

"ஐயா, ஏழு நாள் தாமதம். இதுக்கு ரெண்டு பேர் சொல்லி வச்சுட்டுக் காத்திருக்காங்க."

"தாமதமா? பதினாறாம் தேதி எடுத்தேன். இருபத்தொண்ணு கூட்டு. இன்னைக்குத்தான் வரும். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கே கூட்டல் கத்துத் தரியாம்மா?"

"கூட்டல் சரிதாங்கய்யா, கூட்டின எண்தான் தப்பு. செப்டம்பர் ஒண்ணுலேருந்து மூணு வாரம் கிடையாது, ரெண்டு வாரம்தான். கதவுலயே ஒட்டியிருக்கோம்."

"கதவைத் தள்ளத்தான் எனக்குத் தெரியும். மூணு வாரம்னு ரத்தத்துல ஊறிப்போச்சு, அது நோட்டீஸ் ஒட்டினா மாறிடுமா?"

துணை நூலகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூன்று வாரம் என்ற சொல்லில் மனம் சிக்கியது.

அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து சீட்டை உருவினார். செப்டம்பர் 23. அதிலிருந்து இருபத்தொன்றைக் கழித்தால் செப்டம்பர் இரண்டு. பதினாலைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை. பையில் நாப்கின் இல்லாமல் பைண்டர் அக்காவிடம் வாங்கினாரே, அந்தத் திங்கட்கிழமை. ஒன்பதிலிருந்து இருபத்தெட்டு நாள் எண்ணினால் அக்டோபர் ஏழு. நாள் தள்ளிப்போகவே இல்லை. நாளே இன்றுதான்.

"ஐயா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "லேட்டா வந்ததுக்கா?"

விஷயத்தைக் கேட்டதும் பைண்டர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அந்த நோட்டீஸை டைப் அடிச்சது யாருடி?"

"நான்தான்."

"ஒட்டினது?"

"நான்தான்."

"தினமும் காலையில முத்திரையைத் திருப்பி வைக்கிறது?"

"போதும்க்கா."

சிரிப்பு அடங்கியதும் அக்கா விரலை நீட்டினாள். "கணக்கு நேராச்சு, நல்லது. இருந்தாலும் போய் அந்த டெஸ்ட்டைப் பாத்துடு."

ஒரு கோடுதான் வந்தது; இரண்டு வந்தால்தான் கர்ப்பம். வேளைக்கு முன்னால் பார்த்தாலும் ஒரு கோடுதான் காட்டும் என்பதால், நாலைந்து நாளில் விலக்கு வராவிட்டால் மறுபடி பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வந்துவிட்டது. துணை நூலகர் கழிவறைச் சுவரில் சாய்ந்து நின்று கொஞ்சம் அழுதார். பிறகு முகம் கழுவி, காலையில் தொடாத சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் ஒட்டியிருந்தது வரை வழித்துச் சாப்பிட்டார். வயிறு மறுப்புச் சொல்லவில்லை.

ஆறேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கணவர் குழாயை மூடினார்.

"தட்டை ஒதுக்கி வைக்கிறதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றார் கணவர். "கேக்க பயம்."

"எனக்குச் சொல்ல பயம்."

"ஆம்பளைக்குச் சின்ன ஆபரேஷன், அரை மணி நேர வேலைன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. லிஃப்ட் கயிறு தேஞ்சிருந்தா ஒரு நாள்கூட ஓட விடமாட்டேன். இதை மட்டும் பதினஞ்சு வருஷம் ஓட்டிட்டேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் செய்தார். வியாழக்கிழமை, பத்தாம் தேதி, பதினொன்றரை மணிக்கு முதலில் வந்து பேசச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"ரொம்ப வலிக்குமா?"

"யாருகிட்டக் கேக்கறீங்க?" என்றார் துணை நூலகர். சிரிப்பு தாங்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.