கேட்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் நைனா தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பேனரைத் தானே படித்தார். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தேன். இப்போது சிரிக்க முடிவதில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மின்வாரியத்தில் ஒயர்மேன். எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். புயலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது கம்பத்தில் ஏறி, கரண்டைக் கொடுத்துவிட்டு, சொட்டச்சொட்ட வந்து சோறு கேட்பார். பயம் என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நுரையீரல் கெட்டுப்போனது. பீடிதான் காரணம். அவரைக் கேட்டால் கம்பத்து மேல் அடிக்கும் காற்று என்பார்.

போன மார்கழியில் சளி கட்டி மூச்சுத் திணறியது. செஞ்சியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாயில் குழாய் விட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"இனிமே தேர்றது கஷ்டம்மா. கூப்பிட்டா கண்ணத் தொறக்கல. இங்கயே வச்சிருந்தாலும் சரி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் சரி. நீங்கதான் முடிவு பண்ணணும்."

நீங்கள் என்றால் அம்மா, அண்ணன், நான். அம்மாவுக்கு ஒரே கவலைதான். வெளியில் செத்த உடம்பை எங்கள் பக்கம் வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். மூச்சு இருக்கும்போதே கொண்டுவந்து வீட்டில் உயிர் போனால்தான் நடுவீட்டில் படுக்கவைத்து மரியாதை செய்ய முடியும்.

"அவரு கட்டுன வூடு. அதுக்குள்ளாற அவரு மூச்சு அடங்கணும். தெருவுல போட்டு எடுக்கவா இந்த மனுசன் அவ்ளோ பாடுபட்டாரு?" என்றாள் அம்மா.

நைனாவின் கால்மாட்டில் நின்றுகொண்டுதான் இத்தனையும் பேசினோம். அவருக்கு நினைவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் அறிவியல் டீச்சர் வேறு. நினைவில்லாதவருக்குக் காது மட்டும் எப்படிக் கேட்கும் என்று இருந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி நைனாவுக்கு அடுத்த படுக்கை. ஜைனர். வேர்க்கடலை விவசாயம். ஒன்பது நாளாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருந்தோம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுபோகப்போகிறோம் என்று அவரிடம் சொன்னேன்.

"எங்க அம்மா கடைசியில அன்ன ஆகாரத்த தானே விட்டுட்டாங்கம்மா. சல்லேகனைன்னு சொல்லுவோம். சாமியாருகிட்ட உத்தரவு கேட்டு, எங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பட்டினி போட்டுப் பெத்த தாயச் சாகவிட்டீங்களா?" என்று கேட்டேவிட்டேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்க போடல. அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டது. கூட இருக்கறவங்க கேக்கக்கூடாது, யாரு போறாங்களோ அவங்கதான் கேக்கணும்" என்றவர் என்னைப் பார்த்து, "உங்க அப்பா கேட்டாராம்மா?" என்றார்.

நினைவில்லாத மனிதர் எங்கே கேட்பார்? நல்ல ஆளிடம் மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே நின்றான். பேனாவை வாங்கி நான்தான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்ற படிவம் அது. வருகைப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்து, அதே வேகம்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் கையால் பையை அமுக்கி அமுக்கி நைனாவுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தான். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தான். சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, மேளம். நண்பன் ஒருவனிடம் பேனருக்கும் சொல்லிவிட்டான். திண்டிவனம் ரோட்டில் செஞ்சிக் கோட்டை மலை தெரிய ஆரம்பித்தபோது அம்மா நைனாவின் காதில் குனிந்து, "ஊரு வந்துடுச்சு, பொறுத்துக்கோ" என்றாள்.

தெரு முனையில் வண்டி திரும்பியதும் பேனரைப் பார்த்தேன். பணி நிறைவு விழாவில் மாலையோடு எடுத்த போட்டோ. தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே அன்றைய தேதி. மூச்சோடு இருக்கிறவரை அதன் கீழாகவே ஓட்டிக்கொண்டுபோனோம். எனக்குச் சுருக்கென்றது. நைனாவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

நடுவீட்டில் கட்டிலில் படுக்கவைத்ததும் ஆம்புலன்ஸ் பையன் குழாயை எடுத்தான். ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். சொந்தபந்தம் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக வந்து ஸ்பூனால் பால் ஊற்றினார்கள். அம்மா, அண்ணன், நான், அத்தை. அத்தை ஊற்றிய பாலில் நைனாவுக்குப் புரையேறியது. உடம்பு தூக்கிப்போட இருமினார். முடிந்தது என்று அத்தை பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். வெளியே மேளத்தில் ஓர் அடி விழுந்தது.

நைனா கண்ணைத் திறந்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். தேய்ந்துபோன குரலில், "சக்கர போடலியா?" என்றார்.

 சந்தோஷம் உடனே வரவில்லை, அதுதான் உண்மை.  சர்க்கரை வியாதி என்று வருடக்கணக்கில் அவர் டீயில் ஒரு துளி இனிப்பு விடாதவள் நான். ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு ஸ்பூன் போட்டேன். பாதி தரையில் கொட்டியது. அண்ணன் பேனரைக் கழற்ற ஏணியைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்கு ஓடினான். ஐஸ் பெட்டி வந்த வண்டியிலேயே திரும்பிப்போனது.

அதற்குப் பிறகு எல்லோரும் சாமி காப்பாற்றியதாகச் சொன்னார்கள். மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்ததாக அம்மா சொன்னாள். டாக்டரிடம் போனில் கேட்டேன். குழாய்க்காகக் கொடுத்த மயக்க மருந்து மெதுவாக இறங்கியிருக்கலாம், சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். சில பேருக்கு! அதை முதலிலேயே சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று யோசிக்கிறேன். போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிற அளவுக்குத் தேறினார். ஒரு காலை நேரம், பக்கத்தில் நிறுத்தியிருந்த அண்ணனின் பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் படாமல் இருக்க அதன் மேல் ஒரு ஃபிளெக்ஸைப் போர்த்தியிருந்தான் என் அண்ணன். பின்பக்கம்தான் வெளியே தெரியவேண்டியது. காற்றில் மடிந்து முன்பக்கம் வந்துவிட்டது. சீட்டின் மேல் நைனாவின் முகம் மாலையோடு சிரித்தது.

"என்னிக்குச் செத்தேன்னு போட்டிருக்குது?" என்றார்.

பாய்ந்துபோய்ச் சுருட்டினேன். "நைனா, அது வந்து..."

"கையெழுத்து யாரு போட்டது? நீயா?"

"நான்தான் நைனா. வூட்டுலதான் உயிர் போவணும்னு உனக்கு ஆசைன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?"

"எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாருமா சாவப்போறாங்க?"

 அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார். "நீங்க பேசுனது காதுல வுழுந்துச்சு பாப்பா. ஒண்ணொண்ணும் வுழுந்துச்சு. வேணாம்னு சொல்லணும், வாயில பைப்பு. வூட்டுல வச்சு அத புடுங்கனப்ப பயந்துட்டேன். கம்பத்து மேல ஒரு நாள்கூட பயந்ததில்ல. எனக்கு சாவ பயமா இருக்குது."

சுருட்டிய ஃபிளெக்ஸ் என் கையிலேயே இருந்தது. அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லைக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சாமி என்ன நினைக்கும், ஊர் என்ன பேசும், ஆத்மா எங்கே போகும் என்று எல்லாம் பேசினோம். கட்டிலில் படுத்திருந்தவர் என்ன நினைப்பார் என்று மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர்தான் கேட்டார். அவரைப் போய் நான் கொலைகாரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

சித்திரையில் மறுபடியும் மூச்சுத் திணறியது. "வேணாம்டி, இந்த வாட்டியாவது வூட்டுலயே வுட்டுடலாம்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை விடுவித்துக்கொண்டு நைனாவிடம் குனிந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா நைனா? மறுபடியும் பைப்பு வைப்பாங்க. திரும்ப வூட்டுக்கு வராமலே போயிடலாம். இருந்தும் போலாமா?"

"போலாம்" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் வைக்கும் முன் படிவத்தை நீட்டினார்கள். பேனாவை நைனாவிடம் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை முழுசாக எழுதினார். ஐந்தாம் நாள் அங்கேயே போய்விட்டார்.

தெருவில் பந்தல் போட்டுத்தான் கிடத்தினோம். அவர் கட்டிய வீட்டின் வாசற்படி ஆறடி தள்ளி இருந்தது. அம்மா படியில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் சரியாகப் பார்ப்பதில்லை. அத்தைதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இப்புடித் தெருவுல போட்டுட்டீங்களே! எந்தம்பி மனசுல இன்னா ஆச இருந்துச்சோ, யாரு கண்டா!"

"கேட்டேன் அத்த" என்றேன்.