கழுகு மேல் விழுந்த சந்தேகம்

இலவசம்னாலே எனக்கு சந்தேகம்தான். திருப்போரூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற எனக்கு, ஃப்ரீ கேம், ஃப்ரீ ஆன்டிவைரஸ்னு கண்டதையும் ஏத்திக்கிட்டு வர்ற மெஷினோட மல்லுக்கட்டுறதே பொழப்பு. அதனால பத்திரம் எழுதுற ரைட்டர் சண்முகம் அண்ணன் போன்ல, "பாஸ்கரு, என் சிஸ்டத்துல திருடன் பூந்துட்டான், ஒடனே வா"ன்னதும் நான் அதிசயப்படலை.

விஷயம் இதுதான். மனைக்கு விலை பேசி முடிச்சு இவர் ஆபீசுல பத்திரம் டைப் ஆகும். பதிவுக்கு முன்னாடியே யாரோ விக்கிறவரைத் தேடிப் போய், கூடுதல் விலை சொல்லிக் கலைச்சுடுறாங்க. அடுத்தடுத்து இப்படியே ஆகியிருக்கு. சர்வே நம்பரும் விலையும் இங்கிருந்துதான் வெளியே போகுது.

அண்ணனோட சந்தேகம் டைப் பண்ற தேவி மேல. காரணம் ஸ்கிரீன்ல பறந்த கழுகு. தேவியோட தங்கச்சி நித்யா செங்கல்பட்டுல பி.சி.ஏ. படிக்கிறா. திருக்கழுக்குன்றம் மலையை ரெண்டு கழுகு சுத்துற மாதிரி அசையும் வால்பேப்பர் ஒண்ணை அவளே எழுதி, யார் வேணா போட்டுக்கலாம்னு நெட்ல வெச்சிருந்தா. தேவி அதை ஆபீஸ் மெஷின்லயும் போட்டிருந்தா. உச்சிவேளையில ரெண்டும் பாறையில எறங்கி சோறு தின்னும். அதைப் பார்க்கவே பார்ட்டிங்க காத்திருக்கிற பெஞ்சுல கூட்டம் சேரும்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே அண்ணன் கேட்டார். "மாசக்கணக்கா உக்காந்து எழுதினதை எவளாச்சும் சும்மா குடுப்பாளா? உள்ள இன்னா வெச்சு அனுப்பினா உன் தங்கச்சி? ஸ்டேஷன்ல வந்து சொல்றியா?"

தேவிக்கு முகமே செத்துப்போச்சு. அவ சம்பளத்துலதான் நித்யா படிக்கிறா. வேலையும் போய் திருட்டுப் பட்டமும் வந்தா அந்த வூடு என்னாகும்?

நானும் அண்ணன் கட்சிதான். நித்யாவுக்கு போன் போட்டேன். ஓ.டி.பி. கேக்கிற கும்பல்னு நெனைச்சு கட் பண்ணிட்டா. அதுவும் எனக்கு சந்தேகமாத்தான் பட்டது. தேவி போன்லேர்ந்து பேசினப்புறம் சோர்ஸ் கோடு முழுசையும் அனுப்பினா. ஏம்மா நீ சும்மா குடுக்கிறேன்னு கேட்டேன். நாலு பேர் மெஷின்ல ஓடணும், இல்லாட்டி எதுக்கு எழுதறதுன்னா.

நம்பலை. ஸ்கேன் போட்டேன், டாஸ்க் மேனேஜரைக் குடைஞ்சேன். நெட் வயரைப் பிடுங்கினேன், கழுகு பாட்டுக்கு பறந்துகினு இருந்தது. மறுபடி சொருகி, ஏதாவது வெளியே போகுதான்னு பார்க்க ஒரு டூலை ஓட விட்டுட்டுப் பெஞ்சுல போய் உக்காந்தேன். தேவி ஒரு கிரயப் பத்திரம் அடிக்க ஆரம்பிச்சா. கழுத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு அடிச்சா. பார்ட்டிங்க கழுகு பார்க்கட்டும்னு அண்ணன் மானிட்டரைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வெச்சிருந்தார்.

கொஞ்ச நேரத்துல ஸ்கிரீனைப் பார்த்தே விக்கிறவர் பேர், ஊர், சர்வே நம்பர், தொகை எல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

எழுந்து போய் டூலைப் பார்த்தேன், எதுவும் வெளியே போகலை. அங்கயே நின்னு பத்திரத்தைச் சத்தமா ஒப்பிச்சேன். பெஞ்சுல தெனமும் டீ குடிச்சுக்கிட்டு கழுகு பார்க்கிற மனை புரோக்கர் வேலுவுக்கு அவசரமா ஒரு போன் வந்துது. ஆள் வெளியே போனவர்தான், திரும்பி வரலை. விலையைக் கலைச்சது அவர்தான்னு என்கிட்ட ஆதாரம் இல்லை.

அண்ணன் மானிட்டரை வெடுக்குனு திருப்பினார். "சரி சரி, வேலையைப் பாரும்மா."

தேவி கீபோர்டைத் தொடலை. "பத்து பேர் முன்னாடி கேட்டீங்க சார். இவங்க இருக்கும்போதே சொல்லுங்க."

அண்ணன் தலையைச் சொறிஞ்சார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கடைசியா, "இந்தப் பொண்ணு மேலயும் தங்கச்சி மேலயும் ஒரு தப்பும் இல்லை"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னார். எனக்கு நிம்மதியா இருந்தது.

உடனே தேவி கன்ட்ரோல் பேனலைத் திறந்து கழுகை அன்இன்ஸ்டால் பண்ணா. அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே, இருக்கட்டும்மான்னேன்.

"வேணாம் அண்ணா. நாளைக்கு பிரிண்டர் நின்னாலும் நித்யா பேர்தான் வரும்."

இப்பெல்லாம் எந்த ஆபீசுல யாரைக் கைகாட்டினாலும், மெஷினை முழுசாப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கிறதில்லை.