இரண்டு புகைபோக்கிகள்

ஏகாம்பரத்துக்குக் கண் கெட்டுவிட்டது என்று அவரையே நம்பவைத்தவன் நான். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை கேமராவில் இருந்தது. அதை உண்டாக்கியதும் நான்தான்.

போன மாதம் மாடியில் குடியிருக்கும் வங்கி அதிகாரி ஒரு பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தபால் அட்டை அளவில் தனித்தனித் தாளாக ஃபிலிம் போடுகிற பெரிய வகை. "ஃபோகஸ் எங்கியோ தப்புது, பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். லென்ஸுக்குப் பின்னால் மடிந்திருந்த துருத்தியை இழுத்ததும் பழைய தோலும் பூஞ்சையும் கலந்த ஒரு வாசனை வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

கும்மிடிப்பூண்டியில் என் அலுவலக அலமாரியைத் திறந்தால் இதே வாசனைதான்; அதற்குள் இதே வகைக் கேமரா ஒன்று இருந்தது. அப்போது அங்கே ஓர் உருக்காலையில் தரக்கட்டுப்பாட்டுக்கு நான் பொறுப்பு. வார்ப்புகளில் விழும் விரிசல்களைப் படமெடுப்பது ஏகாம்பரத்தின் வேலை. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தில் ஏரிக்குப் போகாமல் மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவர். கரையில் நின்றபடியே, தூரத்தில் வருவது யார் படகு என்று சொல்லிவிடுவாராம். பொன்னேரியில் பஸ் மாறி வருவார். கேன்டீனில் யாராவது மூக்கைப் பொத்தினால், "மீனு நாத்தம் இல்ல நைனா, உப்புக்காத்து. இங்க வர்ற கெமிக்கல் காத்துக்கு இது எவ்ளவோ தேவலாம்" என்பார்.

ஆலைக் கேமராவின் பக்கவாட்டில் ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒரு சிறு கருவி உண்டு. அதன் துளை வழியே பார்த்தால், நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்குள் பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் ஃபோகஸ் சரி. நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். கையேட்டையும் படித்தபின் கை சும்மா இருக்குமா? ஒரு மதியம் ஏகாம்பரம் சாப்பிடப் போயிருந்தபோது, தூரத்துப் பொருள் ஒன்றாகத் தெரிய வேண்டிய வெகுதூரக் குறியில் லென்ஸை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே பக்கத்து ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தேன். வட்டத்துக்குள் இரண்டு தெரிந்தன. கருவி பிசகியிருக்கிறது என்று முடிவுகட்டித் திருகாணியைத் திருப்பினேன். கால் சுற்றில் இரண்டும் ஒன்றாயின. பெருமையாகக்கூட இருந்தது.

அங்கே நின்றதே இரண்டு புகைபோக்கிகள். தினமும் பார்த்தவைதான்.

அதன்பின் வந்த படமெல்லாம் கலங்கல். "தொளையில ரெண்டும் கரெக்டா சேருது சார். படத்துலதான் இன்னாத்துக்குக் கலங்குதுன்னு தெரியல. ரேஞ்ச்ஃபைண்டரை உட்டுட்டு, கேமரா பின்னாடி கண்ணாடியில உழற உருவத்தப் பாத்து எடுக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டபடி செய்ய விட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். "அதை நானே செட் பண்ணியிருக்கேன், தப்பிருக்காது. நீ போய்க் கண்ணைக் காட்டு" என்றேன். இரண்டு டாக்டர்களைப் பார்த்தார். ஒருவர் குறையில்லை என்றார், இன்னொருவர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டும் கலங்கல்தான். கடைசியில் அவரே வந்து நின்றார்: "என் கண்ணு போச்சு சார். வேற எங்கனா போட்டுடுங்க." உலைக்குப் பழைய இரும்பு தள்ளும் இடத்தில் போட்டார்கள்.

அடுத்த வாரம் பக்கத்து ஆலையில் ஒரு புகைபோக்கியைப் பழுது பார்க்கச் சாரம் கட்டினார்கள். எதேச்சையாகத் துளையில் பார்த்தேன். சாரத்தின் நிழலுருவம், சாரமே கட்டாத அடுத்த புகைபோக்கியின் மேல் பொருந்தி நின்றது. நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. கால் சுற்றைப் பழையபடி திருப்பிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. நாலு நாள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். கடம்பத்தூரிலிருந்து வந்த புது ஆளின் முதல் படமே கூர்மையாக விழுந்தது. "பாத்தீங்களா, கோளாறு ஆளுலதான்" என்றார் மேலாளர். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஏகாம்பரம் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனார்.

ஓய்வு பெற்றபின்தான் பழவேற்காட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் ஐஸ் உடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கண் சரியில்லாதவன் எதற்கு என்று தம்பியின் படகில்கூட அவர் ஏறுவதில்லையாம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கோசரம் இம்மாந்தூரம் வந்து பொய் சொல்றீங்களே சார்."

"பொய் இல்லைங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருந்தது."

"புது ஆளு எடுத்தா நல்லா வந்துச்சே சார். அதே கேமராதானே?"

அதே கேமராதான். நான் திருகாணியைத் திருப்பிவைத்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டிருந்தது. எடுத்துக்காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஆலையை மூடிவிட்டார்கள், கேமரா ஏலத்தில் போனது, புகைபோக்கிகளை இடித்தாயிற்று.

இறால் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலைநிமிர்ந்தார். "எவ்ளோ திருப்புனீங்க?"

"கால் சுற்று."

ஈரக் கையைத் தூக்கி, இரண்டு விரலால் காற்றில் கால் சுற்று திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானா" என்றார். பிறகு, "டீ ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

போன வருடம் ஏகாம்பரம் இறந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனார். "இவருதான் அண்ணனோட ஆபீசரு. அண்ணன் மனசு நோவக் கூடாதுன்னு, கண்ணு நல்லாத்தான் கீது, தப்பு என்னுதுன்னு ஊடு தேடி வந்து சொன்ன மனுஷன். அண்ணன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு." நாலு பேர் கும்பிட்டார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.