ஒட்டுக்கன்றுக்காரி பாலேஸ்வரி

பொலித்தீன் கீலத்தின் ஒரு நுனி பாலேஸ்வரியின் பல்லிடுக்கில் இருக்கும். மறுநுனி மாங்கன்றின் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது விலை கேட்டால் பதில் பல்லுக்குள்ளால்தான் வரும்.

"பொறுங்கோ. கையிலை ஒரு உயிர் கிடக்கு."

வெட்டிய வாய் காற்றில் காய்வதற்கு முன் குச்சியைச் செருகிக் கட்டிவிட வேண்டும். கட்டி முடித்ததும் ஐஸ்பழம் போடுகிற நீள பொலித்தீன் பை ஒன்றைக் கன்றின் தலையில் கவிழ்த்து, விரலால் ஒரு தட்டு. "பிடி" என்பார். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வேலைக்கு ஆள் வைத்தவர் சொல்வது போல இருக்கும்.

புத்தூரில் பருத்தித்துறை வீதியோரம் நிழல்வலை கட்டிய கன்றுத்தோட்டம் அவருடையது. கறுத்தக்கொழும்பான், விளாட்டு, அம்பலவி என்று மா வகைகள்தான் அதிகம். பணத்தோடு வந்தவர்கள் எல்லாருக்கும் கன்று கிடைத்துவிடாது. எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்பார். மலகூடக் குழிக்குப் பக்கத்தில் என்றால், "அப்ப பூச்செடி கொண்டுபோங்கோ" என்று மாங்கன்றைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். கொழும்பிலிருந்து காரில் வந்த ஒருவர் இதற்காகக் கோபித்துக்கொண்டு போய், மறுகிழமை வேறு இடம் பார்த்துவிட்டு வந்தார். கணவர் இராசநாயகம் பைகளுக்கு மண் நிரப்புவார். அதிகம் கதைக்கமாட்டார். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துவிடுவார் என்பதால் அவருக்கு அதில் குறையும் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு புற்றுநோய் என்று பாலேஸ்வரியின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மருந்து, மின்கதிர்ச் சிகிச்சை. என் தங்கை பிரியந்தினிக்கும் அதே வருத்தம்தான். அக்கா என்று நான்தான் துணைக்குப் போவேன். கிளினிக் நாட்களில் அவளும் பாலேஸ்வரியும் பக்கத்துக் கதிரைகளில் இருப்பார்கள். சாவதற்கு முன் அவள் கடைசியாகச் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அந்தக் கதிரையில்தான். சிரிக்க வைத்தது பாலேஸ்வரியின் பயறு.

மார்பு எடுத்த பக்கம் பாரம் இல்லாமல் தோள் மேலே தூக்கிக்கொண்டு நின்றதாம். பஞ்சு வைத்துப் பார்த்தார், பாரம் போதவில்லை. துணிப்பை ஒன்று தைத்துப் பயறு நிரப்பி உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தராசில் நிறுத்துத்தான் நிரப்பினாராம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பையைப் பயறோடேயே தோய்த்து, வெயில் படாமல் நிழலில் போட்டிருக்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிட எடுத்தால், முழுக்க முளைச்சுக் கிடக்கு. நான் என்னத்தை வைச்சாலும் முளைக்கும் எண்டு ஊருக்கே தெரியும். உதுவும் முளைக்கும் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை."

"பேந்து என்ன செய்தனீங்கள்?" என்று தங்கை கேட்டாள்.

"சுண்டினது. இவர் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

பிறகு சிலிக்கனில் செய்த ஒன்றை வாங்கினார். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் குந்தியிருந்து ஒட்டும்போது வேர்வையில் வழுக்கிக் கழுத்துப் பக்கம் ஏறிவந்தது. அதையும் அவர் சகித்துக்கொண்டிருப்பார். சகிக்க முடியாமல் போனது கிணற்றடி.

பாலேஸ்வரிக்குப் பதினைந்து வயதிலிருந்து கிணற்றுக் குளியல். பாவாடையை நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு, பின்னேர வெயிலில், வாளி வாளியாக அள்ளி ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் தட்டையான பிறகு குறுக்குக்கட்டு நிற்கவில்லை. நனைந்ததும் இடது பக்கம் சரியும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வாளி இழுக்க முடியாது. இராசநாயகம் வீட்டோடு ஒரு குளியலறை கட்டிக் கொடுத்தார். நல்ல மாபிள், மழைபோலக் கொட்டுகிற குழாய். மூன்று வருடம் அதற்குள் குளித்தார். "அலுமாரிக்குள்ளை நிண்டு குளிக்கிறமாதிரிக் கிடக்கு" என்பார்.

புதிதாக மார்பு வைக்கிற சத்திரசிகிச்சை பற்றிக் கிளினிக்கில் கேள்விப்பட்ட அன்றே அவர் முடிவெடுத்துவிட்டார். வீட்டில் எதிர்த்தது கணவரின் அக்கா அருமைநாயகி.

"ஐம்பது வயசிலை உனக்கு உது தேவையோ? தப்பினது காணாதே? திரும்பவும் போய்க் கத்திக்குக் கீழை படுக்கப் போறியே?"

"தப்பினபடியால்தான் மச்சாள் கேக்கிறன். செத்திருந்தால் கேட்டிருப்பனே?"

"ஊர் என்ன கதைக்கும்?"

"ஊருக்கு ரெண்டு கிடக்குது. எனக்குத்தான் ஒண்டு."

டொக்டர் சிவரூபன் இளையவர். கடதாசியில் படம் கீறி ஒவ்வொரு வழியாகச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் இப்படியே இருப்பதும் ஒரு வழிதான், அதில் குறை எதுவும் இல்லை என்று தொடங்கினார். சிலிக்கன் பையைத் தோலுக்குள் வைக்கலாம். ஆனால் மின்கதிர் பட்ட தோல் இறுகியிருப்பதால் அது பின்னாளில் கரைச்சல் தரக்கூடும். முதுகுத் தசையை அதன் இரத்தக்குழாய் அறாமல் கமக்கட்டுக்குக் கீழால் திருப்பி முன்னுக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் முழுதாக வெட்டியெடுத்து நெஞ்சில் வைத்து, நூலிலும் மெல்லிய இரத்தக்குழாய்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பொருத்த வேண்டும்.

பாலேஸ்வரி கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"முதுகிலை இருந்து எடுக்கிறது தாய்மரத்திலை இருந்து அறுக்காமல் வளைச்சு ஒட்டுறது. வயித்திலை இருந்து எடுக்கிறது குச்சியை வெட்டிக்கொண்டுவந்து ஒட்டுறது. அப்பிடித்தானே டொக்டர்?"

"ஓம் அம்மா. அப்பிடியும் சொல்லலாம்."

"வெட்டி ஒட்டுறது பிடிக்காமல் விடும் என்ன?"

"நூறு பேரிலை ரெண்டு மூண்டு பேருக்கு அப்பிடி நடக்கலாம். முதல் ரெண்டு மூண்டு நாளும்தான் பயம்."

"எனக்கு நூறிலை பத்துப் பட்டுப்போகும்" என்றார் பாலேஸ்வரி. டொக்டரின் கைத்திறமையைப் பாராட்டுவது போலத்தான் சொன்னார்.

முதுகுத் தசையை எடுத்தால் எந்த வேலை கஷ்டப்படும் என்பதற்கு டொக்டர் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. தானே சோதித்துப் பார்த்தார். ஒரு கிழமை முழுக்க இராசநாயகம் தன் உள்ளங்கையை மனைவியின் இடது முதுகில் வைத்தபடி கன்றுத்தோட்டத்துக்குள் பின்னால் நடந்தார். அந்தக் கிழமை நானும் கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போயிருந்தேன். வாளி தூக்குவார், மண்வெட்டி பிடிப்பார், குந்துவார், எழும்புவார்.

"இப்ப துடிக்குதோ?"

"இல்லை."

"இப்ப?"

"கொஞ்சம்."

கன்று வாங்க வந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "அண்ணை, மனிசியைத் தள்ளியே ஸ்ராட் பண்ணவேணும்?" என்று கேட்டார். இராசநாயகம் கையை எடுக்கவில்லை. பாலேஸ்வரி தாய்மரத்தின் உயரக் கொப்பை இடக்கையால் எட்டிப் பிடித்துக் கீழே வளைத்து, வலக்கையால் குச்சி வெட்டினார்.

"இப்ப நல்லாத் துள்ளுது" என்றார் இராசநாயகம்.

அதோடு முதுகு விடுபட்டது. கொப்பு வளைக்க அந்தத் தசை வேண்டும். "வயித்திலை ரெண்டு பிள்ளையளின்ரை மிச்சம் சும்மாதானே கிடக்கு. அதை எடுங்கோ" என்று டொக்டரிடம் சொல்லிவிட்டார்.

சத்திரசிகிச்சை ஒன்பது மணித்தியாலம் நடந்தது. அடுத்த நாள் நான் வார்ட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் முழங்கால் மடித்துச் சாய்ந்திருந்தார். போர்வையால் சூடு பொத்தி வைத்திருந்தார்கள். தாதி மணிக்கொருதரம் வந்து புதிய தோலை விரலால் அழுத்தி, நிறம் திரும்பி வருகிற வேகத்தைப் பார்த்து எழுதினார். பாலேஸ்வரி ஒவ்வொரு தடவையும் கழுத்தை மடித்துத் தானும் பார்த்தார். தாதி வராத நேரத்திலும் பார்த்தார். இளம் பச்சைத் தளிர் வாடுகிறதா என்று முப்பது வருடம் பார்த்த கண்.

இரண்டாம் நாளும் நான் போயிருந்தேன். காலை பத்து மணியளவில், தாதி பார்த்துவிட்டுப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பாலேஸ்வரி விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

"பிள்ளை, டொக்டரைக் கூப்பிடு."

நோகிறதா என்று கேட்டேன்.

"நோகேல்லை. நிறம் கெதியா வருது, ஆனால் நீலமா வருது. தண்ணி ஏறுது, இறங்குதில்லை. பொருத்திலை எங்கையோ அடைச்சுப்போச்சு. ஓடு."

டொக்டர் சிவரூபன் வந்து ஒருதரம்தான் அழுத்திப் பார்த்தார். இருபது நிமிடத்தில் பாலேஸ்வரியைத் திரும்பவும் ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரத்தம் வெளியேறுகிற குழாயில் சின்னதாக ஒரு இரத்தக்கட்டி. எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினார்கள். வெளியே வாங்குப் பலகையில் இராசநாயகமும் அருமைநாயகியும் காத்திருந்தார்கள். இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் முழுவதும் கறுத்துப்போயிருக்கும் என்று டொக்டர் வந்து சொன்னார். நேரத்தோடு கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னார். அருமைநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு முந்தியே கண் பொல்லாத கண்" என்றார்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ரோஜா நிறம். ஐந்தாம் நாள் பாலேஸ்வரி பக்கத்துக் கட்டில்காரிக்கு எலுமிச்சைக்கு எரு வைக்கிற முறை சொல்லிக்கொண்டிருந்தார்.

முலைக்காம்பு வைப்பதற்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வேலைதானாம். ஒட்டுகிற காலம் முடியட்டும், அவசரமில்லை என்று தவணை கேட்டிருக்கிறார். வயிற்றுத் தழும்பு இன்னும் இறுக்குகிறது. புதிய மார்பில் தொடுகை உணர்வு அவ்வளவாக இல்லை. அதையெல்லாம் அவர் மறைப்பதில்லை. கேட்கிறவர்களுக்கு நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

பாரம் தூக்கலாம் என்று டொக்டர் அனுமதி கொடுத்தது சத்திரசிகிச்சைக்கு ஏழு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. அன்று பின்னேரம் அருமைநாயகி அழைத்ததால் நானும் போயிருந்தேன். பாலேஸ்வரி பாவாடையை நெஞ்சுக்கு மேலே இழுத்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். கப்பி கிறீச்சிட்டது. முதல் வாளியைத் தோளில் ஊற்றிவிட்டு நின்று குனிந்து பார்த்தார். கட்டு நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"சரியுதோ?" என்று அருமைநாயகி கேட்டார்.

பாலேஸ்வரி வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டார். இரண்டாவது வாளியை இழுத்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார்.