மாகாண உரிமையும் ஒரு வாங்கும்

பிள்ளைகளே, நான் ஏன் வாசிகசாலைக்குப் போவதில்லை என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறீர்கள். வாசிகசாலை நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பத்திரிகை கையில் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிறவன் நான். அப்படியிருந்தும் பின்னேரங்களில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் தனியே இருந்து, இரண்டு மாதம் பழைய அமெரிக்கப் பத்திரிகையை எனக்கு நானே வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவைக் கேட்டால், "ஐயாவுக்கு ஊர்ச்சனத்தோடை ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அவர் சொன்னது பாதிதான். மற்றப் பாதியை எழுதி வைக்கிறேன். நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் படிக்க வைக்க ஆளில்லை, தோட்டத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் கற்ற இங்கிலீஷை விட மனமில்லை. மிஷன் வளவுக்குக் கிழமையில் ஒருநாள் கத்தரிக்காயும் கீரையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே இருந்த அமெரிக்க மிசியம்மா தன் ஊரிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் கட்டாகக் கட்டி என்னிடம் தருவார். சில கட்டுகளில் ஏழெட்டு வருஷத்துப் பழசும் கலந்திருக்கும். நான் எல்லாவற்றையும் படித்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒரு வசனத்தை மூன்று தரம் படித்தேன்.

படித்ததை வாசிகசாலையில் தமிழில் சொல்வேன். பாயில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். மலாயாவில் கிளார்க் வேலை பார்த்துப் பென்சனில் வந்த ஒருவர்தான் வாசிகசாலைத் தலைவர். நான் படியேறும்போதே அவர் தொடங்கிவிடுவார்.

"வாரும் அமெரிக்கன். உங்கடை ஊரிலை மழை எப்பிடி?"

"மழை இல்லை அண்ணை. ஆனா குடிக்கிறதுக்கு வேறை சாமான் களவா வருதாம்."

இப்படித்தான் எங்கள் கூட்டம் ஆரம்பிக்கும். அந்த நாட்களில் அமெரிக்காவில் மதுவை அடியோடு ஒழிக்க நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் போட்டிருந்தார்கள். அங்கே பல மாகாணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டசபை, தனி நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலே தலைநகரில் ஓர் அரசாங்கம். எது மாகாணத்தின் வேலை, எது தலைநகரின் வேலை என்பதுதான் அந்த நாட்டில் ஓயாத சண்டை. நான் குடிக்காதவன். குடியால் கெட்ட வீடுகளைக் கண்டவன். என்றாலும் அந்தச் சட்டத்துக்கு நான் எதிர்க்கட்சி பேசினேன். நல்ல சட்டமாக இருக்கலாம், ஆனால் அதைப் போடவேண்டிய கை அதுவல்ல என்றேன். அந்தந்த இடத்துச் சனத்துக்குத் தங்கள் இடத்தைத் தெரியும். தூரத்தில் கதிரை போட்டு இருக்கிறவனுக்கு என்ன தெரியும் என்றேன்.

சனத்துக்கு இது நன்றாகப் பிடித்தது. நான் தலைநகர் என்று சொன்னது அவர்கள் காதில் கொழும்பு என்று விழுந்தது. மாகாணம் என்றது எங்கள் பக்கம். நானும் அப்படி விழட்டும் என்றுதான் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், என் வாயைப் பார்த்துக்கொண்டு பதினைந்து பேர் இருப்பது எனக்கு ஒரு பெரிய சுகமாக இருந்தது. தாய் தகப்பன் நேரத்தோடு போய், அண்ணன் தம்பி இல்லாமல் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்கள் மூன்று பேரும் ஒன்றாக வளர்வதால் உங்களுக்குத் தெரியாது.

இனி இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் துலா மிதிக்க ஒருவர் வருவார். நான் கீழே நின்று பனையோலைப் பட்டையில் தண்ணீரைப் பிடித்து இறைப்பேன். அவர் மேலே துலாவில், அந்த ஏற்றமரத்தில், முன்னும் பின்னுமாக நடப்பார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்வரை எங்களுக்குள் கதை. வாசிகசாலைப் படியை மிதிக்க அவருடைய சாதிக்கு அனுமதியில்லை. ஆகவே முதல்நாள் அங்கே சொன்னதையெல்லாம் அடுத்தநாள் கிணற்றடியில் அவருக்குச் சொல்வேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் என்னைக் கமக்காரன், நீங்கள் என்பார், நான் அவருக்கு நீ என்பேன். இப்போது எழுதும்போதுதான் அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

வாசிகசாலையில் தலையாட்டுவார்கள். அவர் மேலே நடந்துகொண்டே கேள்வி கேட்பார்.

"கமக்காரன், அந்த ஊரிலை அடிமையள் இருந்தவை எண்டு சொன்னனீங்கள். அவையை விட்டது ஆர்? மாகாணமோ, மேலிடமோ?"

"மேலிடம்தான். பெரிய சண்டை பிடிச்சு விட்டது."

"அப்ப மேலிடம் சும்மா இல்லை."

"அது வேறை கதையடாப்பா. நீ காலைப் பாத்து வை."

அவருக்கு ஒரு மகள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் நீளப் பலகை வாங்கில் இருக்க, அவளும் அவள் சாதிப் பிள்ளைகளும் சுவரோரம் நிலத்தில் இருந்து படித்தார்கள். அப்படித்தான் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும். அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது: அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும்.

கட்டளை பற்றிக் கேள்விப்பட்ட அன்று துலா மிதித்தவர் வழக்கத்துக்கு முந்தியே வந்து நின்றார்.

"கமக்காரன், என்ரை பெட்டைக்கும் வாங்கு கிடைக்குமாம். மெய்யோ?"

"ஓம், அப்பிடித்தான் கட்டளை."

"உயரத்திலை இருந்து பழக்கமில்லை அவளுக்கு. காலைத் தொங்கப் போட்டா ஆட்டிறாள். பனங்குத்தி ஒண்டிலை பின்னேரத்திலை இருத்திப் பழக்கிறன். ஆட்டினா வாத்தியார் பேசுவாரெல்லே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் வாங்கில் இருக்கப்போகிறாள் என்பதில் எனக்கு உண்மையில் சந்தோஷம்தான். இதை நீங்கள் நம்பவேண்டும், ஏனென்றால் அடுத்து நான் செய்ததைப் படித்தால் நம்பமாட்டீர்கள்.

அந்த வாரம் வாசிகசாலையில் பாய் போதவில்லை. வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற முகாமைக்காரரும் வந்திருந்தார். கட்டளைக்குப் பணிந்தால் ஊரார் தங்கள் பிள்ளைகளை மறித்துவிடுவார்கள். பணியாவிட்டால் உதவிப்பணம் நின்றுபோகும். சிலர் பள்ளிக்கூடத்தையே கொளுத்துவோம் என்றார்கள். வேறு ஊர்களில் அது நடந்தும் இருந்தது. எல்லோரும் பேசிக் களைத்த பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர்தானே சொல்லுவீர், தூரத்திலை இருக்கிறவனுக்கு எங்கடை இடத்தைத் தெரியாது எண்டு. இப்ப சொல்லும். அமெரிக்காவிலை இப்பிடி வந்தா என்ன செய்வினம்?"

எனக்கு ஒரு செய்தி தெரியும். மிசியம்மாவின் பழைய கட்டு ஒன்றில் படித்திருந்தேன். அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில் கறுப்பு மனிதரைக் கும்பல் கூடிப் பிடித்து, விசாரணை இல்லாமல் மரத்தில் தூக்குவார்கள். அதைத் தலைநகர் தண்டிக்க ஒரு மசோதா வந்தது. தெற்கு மாகாணத்து அங்கத்தவர்கள் மேற்சபையில் எழுந்து, இது எங்கள் மாகாண உரிமை, நீங்கள் தலையிட முடியாது என்று பேசிப் பேசியே அதைக் கிடப்பில் போட்டார்கள். இந்தச் செய்தியை நான் வாசிகசாலையில் ஒருநாளும் வாசித்ததில்லை. கிணற்றடியிலும் சொன்னதில்லை. மறந்துபோனதால் அல்ல. என் கட்சிக்கு அது இடைஞ்சல்.

அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எழுந்து ஒரு யோசனை சொன்னேன்.

"கட்டளை என்ன சொல்லுது? சம ஆசனம் எண்டுதானே. வாங்கு குடு எண்டு சொல்லேல்லை. வாங்குகளை எடுத்துப் போடுவம். எல்லாப் பிள்ளையளும் பாயிலை நிலத்திலை இருக்கட்டும். சட்டமும் தப்பும், ஊரும் தப்பும்."

தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "உது மூளை. உதுக்குத்தான் இங்கிலீஷ் படிக்கவேணும்." அன்று என்னை வீடுவரை நாலு பேர் கதைத்துக்கொண்டே கொண்டுவந்து விட்டார்கள். எரிய இருந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

வாங்குகளை அடுத்தநாளே தூக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பாயில் இருந்தார்கள், ஊர்ப் பிள்ளைகள் முன்னுக்கு, சுவரோரப் பிள்ளைகள் சுவரோரத்திலேயே.

அதற்கடுத்த இறைப்பு நாளில் துலா மிதிக்க ஆள் வரவில்லை. சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் வரவில்லை. புகையிலைக் கன்று வாடத் தொடங்கியிருந்தது. அவர் குடிசைக்குப் போனேன். முற்றத்தில் அந்தப் பனங்குத்தி கிடந்தது. அவர் வெளியே வந்து, எப்போதும்போல் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, இறைக்க வரேல்லை?"

"இனி வாறேல்லை கமக்காரன்."

"ஏன், கோபமோ?"

"கோபமில்லை. கோபிக்க எனக்கு என்ன இருக்கு." அவர் குத்தியைப் பார்த்தார். "பெட்டை கேட்டாள், ஐயா, நான் இருக்கப்போறன் எண்டவுடனை வாங்கு எங்கை போச்சுதெண்டு. எனக்கு மறுமொழி தெரியேல்லை. கமக்காரனைக் கேப்பம் எண்டு இருந்தன். பேந்து ஆக்கள் சொல்லிச்சினம், வாங்கை எடுப்பிச்சதே கமக்காரன்தான் எண்டு."

"பள்ளிக்கூடத்தை எரிச்சிருப்பாங்கள். நீயே யோசிச்சுப் பார்."

"எரிச்சிருந்தா, எரிச்சவங்கள் எண்டு பெட்டைக்குச் சொல்லியிருப்பன்," என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் திரும்பி வந்துவிட்டேன். அன்று பின்னேரம் அந்தத் தூக்குச் செய்திப் பத்திரிகையை மடியில் செருகிக்கொண்டு வாசிகசாலைக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். பாய்களைக் காணவில்லை. பள்ளிக்கூடத்து வாங்குகளை அங்கே கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். பதினைந்து பேரும் அதில் இருந்தார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்த வாங்கு, பெரியவர்களின் முழங்கால் நெஞ்சுக்கு வந்து நின்றது. எனக்கென்று நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

"இரும் தம்பி. உம்மடை புண்ணியத்திலை எங்களுக்கும் ஆசனம்," என்றார் தலைவர்.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே மடியிலிருந்த அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து, மரத்தில் தூக்குகிற செய்தியை முழுவதும் வாசித்தேன். மாகாண உரிமை என்று அவர்கள் சொன்னதையும் வாசித்தேன். பிறகு, என் யோசனை பிழை, வாங்குகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றேன்.

"அது அமெரிக்கா. இது எங்கடை ஊர்," என்றார் ஒருவர்.

"அவங்களும் உப்பிடித்தான் சொல்லுறாங்கள்," என்றேன்.

தலைவர் சிரிக்காமல் கேட்டார்: "துலாவுக்கு ஆள் வரேல்லையாக்கும்? அதுதான் ஞானம் பிறந்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். துலாவுக்கு ஆள் வராததும் உண்மைதானே. எந்தப் பாதி வெட்கம், எந்தப் பாதி புகையிலைக் கன்று என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் படியிறங்கியவன் பிறகு ஏறவில்லை. கிணற்றடிக்கும் ஒருவரும் வரவில்லை. ஊரார் கூலிக்கு வர இருந்தவர்களையும் மறித்தார்கள். நான் கயிற்றில் வாளி கட்டிக் கையால் இறைக்க, உங்கள் அம்மா பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டார். அந்த வருஷம் அரைவாசிக் கன்று போய்விட்டது. அதைவிட, விடியப்புறத்தில் மேலே இருந்து கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது. பட்டை இல்லை, துலா சும்மா நிற்கிறது, நான் அண்ணாந்து பார்க்கிறேன். அந்தப் பழக்கம் பல மாதம் விடவில்லை.

எங்கள் வளவில் ஒரு பூவரசு நின்றது. அதைத் தறித்து, வேற்றூர்த் தச்சன் ஒருவனைக் கொண்டு பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு வாங்கு செய்வித்தேன். அதை நானே தலையில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில், சுவரோரம் போட்டுவிட்டு வந்தேன். அடுத்தநாள் விடிய எங்கள் வாசல் படலைக்கு வெளியே அது கிடந்தது. பிறகு துலா மிதித்தவரின் குடிசைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆளில்லை. மனைவி மகளோடு வல்வெட்டித்துறைப் பக்கம் போய்விட்டார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பனங்குத்தியையும் கொண்டுபோயிருந்தார். இரண்டு தரம் அந்தப் பக்கம் போய் விசாரித்தேன். காணவில்லை. அந்தப் பிள்ளை பிறகு எங்கே படித்தாள், படித்தாளோ என்பதே எனக்குத் தெரியாது.

மிசியம்மாவும் ஊருக்குப் போய்விட்டார். போகுமுன், பத்திரிகை தொடர்ந்து வர ஒழுங்கு செய்திருந்தார். அதில் பார்த்தேன், அந்தத் தூக்கு மசோதா மறுபடியும் வந்தது, மறுபடியும் பேசிப் பேசியே மடக்கினார்கள். மாகாண உரிமை பேசுவதை நான் இன்னும் முழுதாக விடவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு எங்கள் கிணற்றின் ஆழத்தைச் சொல்ல ஏலாது என்று இன்றைக்கும் வாதாடுவேன், வாதாட ஆள் கிடைத்தால். ஆனால் எங்கள் இடம், எங்கள் உரிமை என்று ஒருவன் எழும்பினால், அவன் சொல்லுகிற 'எங்கள்' என்பதில் நிலத்தில் இருக்கிறவர்களும் சேர்த்தியோ என்று முதலில் பார்க்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன 'எங்கள்' என்பதில் துலா மிதித்தவர் இல்லை.

நீங்கள் மூன்று பேரும் இருந்து பாடம் எழுதுகிறது அந்தப் பூவரச வாங்கில்தான். ஒரு கரையில் எப்போதும் இடம் மிஞ்சுகிறதே, ஏன் இவ்வளவு நீளமாகச் செய்வித்தீர்கள் என்று சின்னவன் கேட்டான். தச்சனிடம் நான், பனங்குத்தியில் இருந்து பழகிய அந்தப் பிள்ளையையும் சேர்த்து, நாலு பிள்ளைகளுக்கென்று அளவு சொன்னேன்.