அட்டைப்பெட்டிக்குள் வாசித்தேன்

ஈப்போவில் நான் கூட்டிப் பெருக்கும் தமிழ்ப்பள்ளியில், இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் கடையில் கேட்டு, ஐஸ்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கத்தியால் அதில் கதவு வெட்டினார். உள்ளே ஒரு முக்காலி, ஒரு பழைய கைப்பேசி. கூச்சப்படும் பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வாசிக்கலாம். யாரும் பார்க்கமாட்டார்கள். பதிவான குரலை டீச்சர் வீட்டில் கேட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு புத்தகம் எடுத்துவைப்பார். ஒருத்தனுக்கு மூன்று வரிப் புத்தகம், இன்னொருத்திக்கு நாலாம் வகுப்புக் கதை.

"உள்ள பேய் இருக்குலா!"

"நீ போனா பேய்தான் பயந்து ஓடும், போ!"

பிள்ளைகள் இப்படிக் கத்திக்கொண்டிருக்க, அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை உள்ளே போனாள். மூக்கெல்லாம் வியர்த்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் தாழ்வாரத்தைத் துடைப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

நான் படித்தது சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில். ஒரே கூடம், ஒரே வாத்தியார். எழுந்து நின்று உரக்க வாசிக்கவேண்டும். எனக்கு எழுத்தெல்லாம் தெரியும். கருவாடு சுற்றிவந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் விடமாட்டேன். ஆனால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "உக்காரு புள்ள, நீ பால் வெட்டத்தான் லாயக்கு" என்பார். அவரைக் குறை சொல்லி என்ன? ஒரே ஆளாக அத்தனை பிள்ளைகளை அவர் பார்க்கவேண்டும். ஆறு வருடமும் உட்கார்ந்தேன். பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். நான் வாசித்து இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னைக் கட்டியவரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் கூட்டத்துக்குப் போயிருந்தார். வகுப்பில் நான் மட்டும். முட்டி வலியோடு குனிந்து பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே கிடந்த புத்தகத்தை எடுத்து, பிள்ளைகள் செய்வதுபோலப் பொத்தானை அழுத்தினேன். கால்வாயைத் தாண்டத் தெரியாத கோழிக்குஞ்சின் கதை. விரலை வைத்து வைத்து, முழுக்க வாசித்தேன். முடிந்ததும் பொத்தானை மறுபடி அழுத்தினேன். கைப்பேசி வெளிச்சம் அணைந்தது. எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை டீச்சர் என்னிடம் வந்தார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை பெரியவங்க யாராச்சும் கிளாசுக்கு வந்தாங்களா?"

"ஏன் டீச்சர்?"

"இதக் கேளுங்களேன்."

என் குரல். நான் நினைத்திருந்ததைவிட மெலிசு. முதலில் தட்டுத்தடுமாறி, அப்புறம் ஓடியது. துடைப்பக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு எழுத்துகூட விடல பாருங்க. ஆனா மூச்சு விடாம ஓடுறாங்க. பேச்சு நெறைய வர்ற கதையாக் குடுத்தா நின்னு நிதானமா வாசிப்பாங்க. அதுக்கு ஒரு புத்தகம்கூட இருக்கு. யாருன்னுதான் தெரியல."

எனக்கென்று ஒரு புத்தகம். இந்த வயதுவரை யாரும் எனக்கு அப்படி யோசித்ததில்லை.

"தெரியலையே டீச்சர்" என்றேன்.

"பிள்ளைங்க வாசிச்சதோட கலந்துடும். அழிச்சிடட்டா?"

"இருக்கட்டுமே." வாய் முந்திக்கொண்டது.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டு வந்துவிட்டார்கள். "சரிம்மா, இருக்கட்டும்" என்று கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இப்போதெல்லாம் அந்த வகுப்பைத்தான் கடைசியாகப் பெருக்குகிறேன். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை, மெதுவாக.