ரப்பர் ஷீட்டில் வெட்டிய கேஸ்கட்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லயத்து வரிசை வீடுகளின் சுவரில், கரித்துண்டால், மற்றவர்களைக் கேலி செய்து. ஆனால் எங்கள் படகைப் பற்றி தோட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லாக் கதையிலும் நானும் என் கூட்டாளியும் முட்டாள்கள். முட்டாள்கள்தான். எப்படி என்பதையாவது சரியாகச் சொல்லட்டுமே.

எங்கள் ரப்பர் தோட்டம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். கடை, பஸ், கரவனெல்ல ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் இருந்த தொங்குபாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. புதுப் பாலம் கட்ட ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படம் நன்றாக வந்திருக்கும். பாலம்தான் வரவில்லை.

அதே வெள்ளம் ஒரு பழைய மோட்டார் படகை மூங்கில் புதருக்குள் சொருகிவிட்டுப் போயிருந்தது. அது மணல் முதலாளி ஒருவருடையது. போய்க் கேட்டோம். "இழுக்க முடிஞ்சா இழுத்துட்டுப் போங்க, அந்த இஞ்சின் செத்துப் போச்சி" என்றார்.

எனக்கு அது விளையாட்டு. என் கூட்டாளிக்கு அப்படியில்லை. கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு அவனுடைய மாமா அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பாலம் வரும்வரை ஆற்றைக் கடக்க ஒரு படகும் ஆளும் வைக்கப்போவதாகத் தோட்ட மேனேஜர் துரை சொன்ன அன்றே, அந்த ஆள் தான்தான் என்று இவன் முடிவு செய்துவிட்டான்.

"மச்சான், இது ஓடிச்சின்னா நான் கொழும்புக்குப் போக மாட்டேன்."

"ஓடலன்னாலும் கவலப்படாத. அப்படியே மிதந்து போ. இந்த ஆறு கொழும்புக்குத்தான் போகுது."

கையிலிருந்த ஸ்பேனரை என்மேல் எறிந்தான். குறி தப்பியது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே டூ ஸ்ட்ரோக் இஞ்சின், தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின். இதற்கும் அதே இருமல். பிளக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். தண்ணீரைத் தள்ளும் விசிறியைப் பிடிக்கும் பின் ஆணி முறிந்திருந்தது, சைக்கிள் கம்பியை வெட்டிச் செருகினோம். இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கயிறு இல்லை. அவன் அம்மா துணி காயப்போடும் கயிறு இருந்தது.

"எங்கடா என் கொடிக் கயிறு?"

"ஆத்துல மீனு காயுது அத்தை."

"ஒன் நாக்கத்தான்டா அதுல காயப்போடணும்!"

கடைசியில் கார்பரேட்டர் மட்டும் மிச்சம். அதன் அடிக்கிண்ணத்துக்கு மேலிருந்த கேஸ்கட் கிழிந்துபோய் பெட்ரோல் ஒழுகியது. எங்கள் இருவரையும்விட மூத்த இஞ்சின் அது, டவுனில் சாமான் கிடைக்கவில்லை. எங்கள் லயத்தில் எது ஒழுகினாலும் மருந்து ஒன்றுதான்: தோட்டத்து ரப்பர் பாலை உறையவைத்து எடுக்கும் ஷீட்டில் ஒரு துண்டு. பைப்புக்கு அது, தகரக் கூரையின் ஆணி ஓட்டைக்கு அது, கதவு ஆடாமலிருக்கவும் அது. பிளேடால் அளவாக வெட்டி வைத்து முறுக்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டாவது இழுப்பில் இஞ்சின் உறுமியது. லயமே ஆற்றங்கரைக்கு ஓடிவந்தது. அன்று சாயங்காலம் அவன் சோறுகூடத் தின்னவில்லை.

மறுநாள் காலையில் படகு ஓடுவதைப் பார்க்கத் துரை கரைக்கு வந்தார். பால் வெட்டும் பெண்கள் நாலைந்து பேரை ஏற்றினோம். அவன் அம்மா நல்ல சேலை கட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். நடு ஆற்றில் இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. இழுத்தான். மறுபடி இழுத்தான். கொடிக் கயிறு அறுந்து கையோடு வந்தது. தண்ணீர் எங்களை மெதுவாகத் திருப்பி, பழைய மூங்கில் புதரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது.

"பாருங்கடி, படகு அது வீட்டுக்கே போயிருச்சி!" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் அம்மா சிரிக்கவில்லை.

அங்கேயே கார்பரேட்டரைக் கழற்றினோம். கேஸ்கட் ராத்திரி முழுக்கப் பெட்ரோலில் ஊறி, உப்பி, பசையாகி, பெட்ரோல் போகும் துளையை அடைத்திருந்தது. பங்சர் கடையில் டியூபுக்குத் தடவும் சொலூஷன் இருக்கிறதே, அதேதான். பச்சை ரப்பரும் பெட்ரோலும் சேர்ந்தால் பசை. பிறந்ததிலிருந்து ரப்பர் வாடையிலேயே கிடந்தவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவன் ஈரத்தோடு கரைக்கு ஓடினான். சின்னக் கோளாறுதான், நாளைக்கே சரிசெய்துவிடுவோம் என்று சிங்களத்தில் கெஞ்சினான்.

"பே மல்லி, பே" என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். முடியாதாம். தம்பி என்று வேறு கூப்பிட்டுச் சொன்னார்.

டவுன் முதலாளி ஒருவரின் படகு வந்தது. அதை ஓட்டிக்காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் அது வராது. சில நாள் மழை இல்லாமலும் வராது. அது நின்றால் இஞ்சின் கோளாறு. எங்களுடையது நின்றால் தோட்டத்துப் பயல்களின் மூளைக் கோளாறு.

அந்தப் படகில் ஏறித்தான் அவன் கொழும்புக்குப் போனான். "மிதந்துல்லடா போகச் சொன்னேன்?" என்று கரையிலிருந்து கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு த்ரீவீலர் சாமான் கடையில் பெட்ரோலுக்குத் தாங்கும் கேஸ்கட் ஷீட் கிடைத்தது. வெட்டிப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன், ஒரு இருமல் இல்லை. வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "மச்சான், ஒரே இழுப்புல ஓடுதுடா!"

கடை சாத்திய பிறகு பதில் போட்டிருந்தான்:

"இப்ப யார ஏத்திக்கிட்டு எங்கடா போறது?"